கீழே கிடப்பவனைப் பார்த்த பிறகு

2023 ஜனவரி 1, ஞாயிற்றுக்கிழமை. நியூ ஜெர்சியின் மெட்லைஃப் ஸ்டேடியத்தில் நியூயார்க் ஜயன்ட்ஸுக்கும் இண்டியானாபொலிஸ் கோல்ட்ஸுக்கும் ஆட்டம். ஜயன்ட்ஸ் ஜெயித்தால் பிளே-ஆஃப் உறுதி. முதல் பாதி முடியும் நேரத்தில் அந்த அணியின் இளம் வீரர் கெய்வான் திபடோ, கோல்ட்ஸில் பந்தை வீசி ஆட்டத்தை நடத்தும் வீரரான குவாட்டர்பேக் நிக் ஃபோல்ஸைப் பந்து வீசவிடாமல் மடக்கித் தரையில் சாய்த்தார். ஹெல்மெட்டும் தோள்கவசமும் போட்டு ஆடும் அமெரிக்கக் கால்பந்தில் இதற்கு சேக் என்று பெயர். தற்காப்பு வீரனுக்கு இதைவிடப் பெரிய சந்தோஷம் குறைவு.

திபடோ எழுந்திருக்கவில்லை. மல்லாந்து படுத்தபடியே கைகளையும் கால்களையும் விரித்து விரித்து மூடினார். பனி கொட்டிய நாளில் குழந்தைகள் வாசலில் படுத்து விளையாடும் அதே விளையாட்டு. ஆனால் அவருக்குப் பக்கத்திலேயே ஃபோல்ஸ் விலாவில் அடிபட்டுத் துடித்துக்கொண்டிருந்தார். ஃபோல்ஸ் சாதாரண ஆளும் இல்லை. 2018-இல் பிலடெல்பியாவுக்கு சூப்பர் பௌல் என்ற இறுதிப்போட்டியை வென்று கொடுத்து, அந்த ஆட்டத்தின் சிறந்த வீரராகவும் தேர்வானவர். அவரை வண்டியில் ஏற்றி வெளியே கொண்டுபோனார்கள். அதற்குப் பிறகு எல்லைக்கோட்டுக்கு வெளியே நின்ற திபடோ, 'தூங்கப் போ' என்பதுபோல் சைகை காட்டியதையும் கேமரா பிடித்தது.

ஃபோல்ஸுக்கு அடிபட்டது தனக்குத் தெரியாது என்று ஆட்டம் முடிந்ததும் திபடோ சொன்னார். கோல்ட்ஸின் தற்காலிகப் பயிற்சியாளர் ஜெஃப் சாட்டர்டே அதை ஏற்கவில்லை. அந்தக் கொண்டாட்டம் அருவருப்பானது என்று வெளிப்படையாகவே சொன்னார். தன் குவாட்டர்பேக்குக்காக ஒருவர்கூடப் போய் நிற்கவில்லையே என்று சொந்த வீரர்கள் மேலும் அவருக்கு வருத்தம் இருந்தது.

திபடோ சொன்னதில் பாதியை நான் நம்புகிறேன். நூற்றுப் பத்து கிலோவுக்கு மேல் எடையுள்ள ஒருவன் முழு வேகத்தில் ஓடிப்போய் இன்னொருவன் மேல் விழுகிறான், அரங்கமே அலறுகிறது. அந்த முதல் சில நொடிகளில் அவன் செய்வதை வைத்து அவனை எடைபோட நான் தயாரில்லை. உடம்பு தன்பாட்டுக்குக் கொண்டாடும். ஆனால் அந்த சைகை வேறு. பக்கத்தில் கிடந்தவரை வண்டியில் ஏற்றி அனுப்பியாகிவிட்டது. என்ன நடந்தது என்று அரங்கத்தில் எல்லோருக்கும் தெரியும். அதற்குப் பிறகு வந்த சைகை அது. எனக்கு இரண்டும் ஒன்றல்ல. விளையாட்டு வீரனின் பண்பை அவனுக்கு விஷயம் தெரிந்த நொடியிலிருந்துதான் பார்க்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

இந்த ஆட்டத்தை நடத்தும் லீக்கான என்எஃப்எல்-இன் விதிப்புத்தகம் இதை அப்படிப் பார்ப்பதில்லை. எதிரணியினரைச் சீண்டும், அவமதிக்கும் செயலோ சொல்லோ, இரு அணிகளுக்கும் இடையே பகையை மூட்டக்கூடியதாக இருந்தால் 15 யார்டு தண்டம்; பந்து அத்தனை தூரம் எதிரணிக்குச் சாதகமாக நகரும். ஒரே ஆட்டத்தில் இரண்டு முறை என்றால் வெளியேற்றம். பகையை மூட்டுமா, மூட்டாதா என்பதுதான் அளவுகோல். எதிரில் இருப்பவன் நின்றுகொண்டிருக்கிறானா, வலியில் கிடக்கிறானா என்ற கேள்வி அந்த அளவுகோலுக்குள் வரவில்லை.

2017-இல் கொண்டாட்ட விதிகளைத் தளர்த்தினார்கள். அதுவரை தரையில் படுத்துக் கொண்டாடினால் தண்டம். அந்த ஆண்டு முதல் அது சரி என்றானது. நல்ல மாற்றம்தான், நானும் ரசித்தேன். அப்புறம் 2021-இல் சீண்டலை மட்டும் கடுமையாகக் கவனிக்கும்படி நடுவர்களுக்குச் சொன்னார்கள். தண்டம் என்றால் நடுவர் ஒரு கொடியை வீசுவார். அந்த சீசனில் அப்படி விழுந்த கொடிகளில் பெரிதாகப் பேசப்பட்டது நவம்பர் 8 இரவு பிட்ஸ்பர்க்கில் விழுந்தது. சிகாகோ பேர்ஸின் காஸியஸ் மார்ஷ், ஸ்டீலர்ஸ் குவாட்டர்பேக் பென் ராத்லிஸ்பெர்கரை மூன்றாவது டவுனில், அதாவது பத்து யார்டு முன்னேறக் கிடைக்கும் நான்கு முயற்சிகளில் மூன்றாவதில், சேக் செய்தார். காற்றில் சுழன்று ஒரு உதை, பிறகு ஸ்டீலர்ஸ் பெஞ்ச் பக்கம் சில அடி நடந்து ஒரு முறைப்பு. அவ்வளவுதான். நடுவர் டோனி கொரென்டே கொடியை வீசினார். பந்தைத் திருப்பிக் கொடுத்திருக்க வேண்டிய ஸ்டீலர்ஸுக்குப் புதிதாக நான்கு டவுன்கள் கிடைத்தன, அதிலிருந்து 3 புள்ளிகளும் வந்தன. கடைசியில் பேர்ஸ் தோற்றது 29-க்கு 27 என்று, 2 புள்ளி வித்தியாசத்தில்.

அந்த முறைப்பால் யாருக்கு என்ன கேடு வந்தது? யாரும் கீழே கிடக்கவில்லை. ராத்லிஸ்பெர்கர் எழுந்து நடந்து போய்விட்டார். இந்த மாதிரிக் கொடிகள் இளம் வீரர்களின், அதிலும் பெரும்பாலும் கறுப்பின வீரர்களின், இயல்பான துள்ளலை அடக்கத்தான் பயன்படுகின்றன என்று அமெரிக்காவில் ஒரு விமர்சனம் உண்டு. அதில் நியாயம் இருக்கிறது. சீண்டலும் வாய்ச்சவடாலும் இந்த ஆட்டத்தோடு பிறந்தவை. அவற்றைத் துடைத்துவிட்டால் ஆட்டம் சுத்தமாகிவிடும் என்று எனக்குத் தோன்றவில்லை.

இந்த விஷயத்தை யோசிக்கும்போதெல்லாம் நான் போய் நிற்கும் இடம் ஒரு பழைய புகைப்படம். 1960 நவம்பர் 20, நியூயார்க்கின் யாங்கீ ஸ்டேடியம். பிலடெல்பியா ஈகிள்ஸின் சக் பெட்னாரிக் கால்களை அகட்டி நின்று கை முஷ்டியை வீசிக் கத்திக்கொண்டிருக்கிறார். அவர் காலடியில் ஜயன்ட்ஸ் வீரர் ஃபிராங்க் கிஃபோர்ட் நினைவில்லாமல் கிடக்கிறார். அன்றைக்கு ஜயன்ட்ஸின் நட்சத்திரம் கிஃபோர்ட்தான். பார்த்த மாத்திரத்தில் வயிற்றைப் பிசையும் படம். ஒருவனை வீழ்த்திவிட்டு அவன் மேல் நின்று எக்காளமிடுவது என்றால் இதுதான் என்று தோன்றும்.

பெட்னாரிக் கடைசிவரை சொன்னது வேறு. தான் இடித்ததில் கிஃபோர்டின் கையிலிருந்து பந்து நழுவியது; அதை ஈகிள்ஸ் வீரர் அமுக்கிக்கொண்டார்; ஆட்டம் நமக்கே என்றுதான் தான் கத்தியது; கிஃபோர்ட் அந்த நிலையில் கிடப்பது அப்போது தெரியவே தெரியாது. கிஃபோர்டும் அந்த இடி சுத்தமான இடி என்றே சொல்லி வந்தார். பெட்னாரிக்கை அவர் பழிக்கவில்லை. அந்த சீசனின் மிச்சத்தையும் 1961 முழுவதையும் இழந்துவிட்டு, 1962-இல் திரும்பி வந்து ஆடினார். இருவருமே 2015-இல் இறந்தார்கள். கிஃபோர்டின் மூளையைப் பரிசோதித்ததில், தலையில் திரும்பத் திரும்ப அடிபட்டவர்களுக்கு வரும் சிடிஇ நோய் இருந்தது தெரியவந்தது. அவர் குடும்பமே அதை வெளியே சொன்னது.

இதில் நான் பெட்னாரிக் பக்கம். ஒரு நொடியைப் பிடித்து வைத்த படத்துக்கு, அந்த மனிதனுக்கு அப்போது என்ன தெரியும் என்பது தெரியாது.

தெரிந்தவுடன் ஒருவன் என்ன செய்வான் என்பதற்கும் ஒரு காட்சி இருக்கிறது. 1985 நவம்பர் 18, வாஷிங்டனின் ஆர்எஃப்கே ஸ்டேடியம். வாஷிங்டன் குவாட்டர்பேக் ஜோ தைஸ்மன் மேல் ஜயன்ட்ஸின் லாரன்ஸ் டெய்லர் பாய்கிறார். அந்தக் காலத்தில் டெய்லரைப்போல எதிரிகளை நடுங்க வைத்த தற்காப்பு வீரர் இல்லை. விழுந்த வேகத்தில் டெய்லரின் உடம்பு தைஸ்மனின் வலது கால்மேல் இறங்கியது. முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்து வெளியே வந்தது. அடுத்து நடந்ததை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். காலை அல்ல, அதைப் பார்க்க என்னால் முடியாது. டெய்லரைத்தான். துள்ளி எழுந்தவர் இரண்டு கைகளாலும் தன் ஹெல்மெட்டைப் பிடித்துக்கொள்கிறார். உடனே வாஷிங்டன் பெஞ்ச் பக்கம் திரும்பி, வாருங்கள் வாருங்கள் என்று கையை வீசி வீசி அழைக்கிறார். தன் அணியின் ஆட்களை அல்ல, எதிரணியின் மருத்துவக் குழுவை. சேக் செய்தோம் என்ற நினைப்பே அவர் உடம்பில் இல்லை.

தைஸ்மன் அதன் பிறகு ஆடவே இல்லை. டெய்லரை அவர் ஒருநாளும் குறை சொன்னதும் இல்லை. அந்தக் காட்சியின் பதிவைத் தான் பார்த்ததே இல்லை என்று டெய்லர் சொல்லியிருக்கிறார்.

அன்றிரவு தொலைக்காட்சியில் அந்த ஆட்டத்தை வர்ணித்துக்கொண்டிருந்தவர் யார் தெரியுமா? அதே ஃபிராங்க் கிஃபோர்ட். இருபத்தைந்து வருடம் முன்பு யாங்கீ ஸ்டேடியத்தில் மல்லாந்து கிடந்தவர். மறு ஒளிபரப்பு வருவதற்கு முன், பலவீனமான மனசுக்காரர்கள் பார்க்க வேண்டாம் என்று நேயர்களை எச்சரித்தார்.

தெரிந்த பிறகு செய்ய வேண்டியதைச் செய்ய, இடித்தவனாகத்தான் இருக்க வேண்டும் என்றும் இல்லை. 1978 ஆகஸ்ட் 12 அன்று ஓக்லண்டில், கணக்கில் சேராத ஒரு பயிற்சி ஆட்டத்தில், ரெய்டர்ஸின் ஜாக் டேட்டம் மோதியதில் நியூ இங்கிலாந்தின் டாரில் ஸ்டிங்லியின் கழுத்தெலும்பு உடைந்தது. அவர் அதன் பிறகு நடக்கவில்லை. அன்றைய விதிப்படி அது குற்றமும் இல்லை. தான் மருத்துவமனைக்குப் போய்ப் பார்க்க முயன்றதாகவும் விடவில்லை என்றும் டேட்டம் சொல்வார். எப்படியோ, இருவரும் சாகும்வரை நேரில் சமாதானமாகவில்லை. ஆனால் ரெய்டர்ஸின் பயிற்சியாளர் ஜான் மேடன், எதிரணி ஆள்தான் என்று ஒதுங்காமல், மருத்துவமனையில் ஸ்டிங்லியின் படுக்கைக்குத் திரும்பத் திரும்பப் போய்க்கொண்டே இருந்தார். அவரைப் போகச் சொல்லி எந்த விதியும் இல்லை.

சரி, சின்சினாட்டிக்கு வருகிறேன். ஒஹையோ ஆற்றங்கரையில் இருக்கும் பெங்கால்ஸின் மைதானம். நான் சொல்ல வருவது அத்தனையும் அந்த ஒரே இடத்தில் நடந்து முடிந்திருக்கிறது.

2016 ஜனவரி 9, பிளே-ஆஃப். பல வருடப் பகையாளிகளான ஸ்டீலர்ஸுக்கு எதிராக பெங்கால்ஸ் ஆடுகிறது. ஸ்டீலர்ஸின் ரயன் ஷேஸியர் மோதியதில் பெங்கால்ஸின் ஜியோவானி பெர்னார்ட் அசைவில்லாமல் கிடக்கிறார். ராத்லிஸ்பெர்கர் தோளில் அடிபட்டு வண்டியில் போகும்போது ரசிகர்கள் அவர் மேல் பொருட்களை வீசுகிறார்கள். ஆனாலும் 16-15 என்று பெங்கால்ஸ் முன்னிலை. கால் நூற்றாண்டாக அவர்களுக்கு பிளே-ஆஃபில் ஒரு வெற்றிகூட இல்லை. இன்னும் 22 நொடி கடந்தால் போதும். அப்போது பெங்கால்ஸின் வான்டேஸ் பர்ஃபிக்ட், பந்து எட்டாமல் போன ஸ்டீலர்ஸின் ஆன்டோனியோ பிரவுனின் தலையில் தோளால் இடிக்கிறார். 15 யார்டு. பிரவுன் தரையில் கிடக்கும்போதே இரு அணியினரும் தள்ளுமுள்ளு, வசவு. மைதானத்துக்குள் வந்துவிட்ட ஸ்டீலர்ஸ் உதவிப் பயிற்சியாளரோடு மல்லுக்கு நின்ற ஆடம் ஜோன்ஸுக்காக இன்னொரு 15 யார்டு. வெகுதூரத்தில் இருந்த கோல்கம்பம் திடீரென்று 35 யார்டில் வந்து நின்றது. ஸ்டீலர்ஸின் கிறிஸ் பாஸ்வெல் பந்தைக் கம்பங்களுக்கு நடுவே உதைத்தார், 3 புள்ளிகள், 18-16. பெங்கால்ஸ் வீட்டுக்குப் போனது.

ஸ்டீலர்ஸ் ரசிகரான என் அலுவலக நண்பர் ஒருவர் இந்த ஆட்டத்தை இன்றும் ஆனந்தமாக விவரிப்பார். ஒருமுறை குறுக்கே கேட்டேன்: "அந்த நேரத்தில் பிரவுன் எழுந்தாரா இல்லையா என்று பார்த்தீர்களா?" யோசித்துவிட்டு, "இல்லை, கொடியைத்தான் பார்த்தேன்" என்றார். நேர்மையான பதில். பிரவுனுக்கு மூளை அதிர்ச்சி. அடுத்த வார ஆட்டத்தில் அவரால் இறங்க முடியவில்லை.

அடுத்தது 2017 டிசம்பர் 4, அதே மைதானம், அதே இரண்டு அணிகள். முதல் கால்பகுதியிலேயே ஷேஸியர் தலையைத் தாழ்த்தி ஒருவரைத் தடுக்கப் போய், தண்டுவடத்தில் அடிபட்டு விழுந்தார். புரண்டு படுத்தவர் கையால் முதுகைப் பிடித்துக்கொண்டார். கால்கள் அசையவில்லை. ஸ்ட்ரெச்சரில் கொண்டுபோனார்கள். நான்காவது கால்பகுதியில் ஸ்டீலர்ஸின் ஜூஜூ ஸ்மித்-ஷூஸ்டர், அப்போது வயது 21, பர்ஃபிக்ட் பார்க்காத பக்கத்திலிருந்து வந்து மோதி அவரைச் சாய்த்தார். சாய்த்ததோடு விடவில்லை, மேலே போய் நின்று குனிந்து பார்த்தார். முரட்டு ஆட்டத்துக்கும் சீண்டலுக்கும் சேர்த்துக் கொடி விழுந்தது. பர்ஃபிக்ட்டும் வண்டியில்தான் போனார். உடைமாற்றும் அறையில் ஜூஜூ பேட்டி கொடுத்துக்கொண்டிருந்தபோது பிரவுன் "கர்மா, கர்மா" என்று கத்திக்கொண்டிருந்தார். ஜூஜூ மன்னிப்புக் கேட்டார். லீக் ஒரு ஆட்டத்துக்கு அவரை நிறுத்தி வைத்தது. இடித்த பிறகு அவர் நடந்துகொண்ட விதத்தையும் லீக் அவருக்கு அனுப்பிய கடிதம் தனியாகக் கண்டித்தது. அந்த ஒரு விஷயத்தில் லீக் சரியான இடத்தைப் பார்த்தது என்பேன்.

எனக்கு இதில் ஆறாதது என்னவென்றால், தன் அணித் தோழன் கால் அசையாமல் போனதை அன்றிரவே கண்ணால் பார்த்தவர் ஜூஜூ. கொஞ்ச நேரத்தில் இன்னொருவன் மேல் போய் நிற்க முடிந்திருக்கிறது. பர்ஃபிக்ட் நல்லவர் என்று நான் வாதாடவில்லை. தலைக்குக் குறிவைக்கும் ஆட்டத்துக்காகவே பலமுறை தண்டிக்கப்பட்டவர். 2019-இல் சீசனின் மிச்சம் முழுவதும் நிறுத்தி வைக்கப்பட்டு, அதோடு அவர் ஆட்டமே முடிந்தது. ஆனால் கீழே கிடக்கும்போது ஒருவனின் பழைய கணக்கைத் தீர்ப்பது என்று ஆரம்பித்துவிட்டால் எல்லோருக்கும் ஒரு கணக்கு இருக்கும்.

பிறகு 2023 ஜனவரி 2, திங்கள் இரவு. திபடோ தரையில் கைகால் விரித்ததற்கு மறுநாள். மைதானத்துக்குப் பெயர்தான் மாறியிருந்தது. பெங்கால்ஸின் டீ ஹிக்கின்ஸ் பந்தைப் பிடித்து ஓடிவர, பஃபலோ பில்ஸின் டமார் ஹாம்லின் அவரைத் தடுத்தார். இருவரும் விழுந்தார்கள். ஹாம்லின் எழுந்தார், ஓரிரு அடி வைத்தார், அப்படியே பின்னால் சாய்ந்தார். நெஞ்சில் பட்ட அடியில் இதயம் நின்றுவிட்டது. பில்ஸின் உதவி மருத்துவப் பயிற்சியாளர் டென்னி கெல்லிங்டன் அங்கேயே நெஞ்சை அழுத்தி சிபிஆர் கொடுத்தார். வெளியாட்களும் கேமராக்களும் பார்க்காதபடி பில்ஸ் வீரர்கள் சுற்றி வளையமாக நின்றுகொண்டார்கள். பலர் மண்டியிட்டு அழுதார்கள். ஆம்புலன்ஸ் மைதானத்துக்குள்ளேயே வந்தது. பில்ஸ் பயிற்சியாளர் ஷான் மெக்டெர்மட்டும் பெங்கால்ஸ் பயிற்சியாளர் ஸாக் டெய்லரும் நடுவில் வந்து பேசினார்கள். பெங்கால்ஸ் கேப்டன்கள் தங்கள் குவாட்டர்பேக் ஜோ பர்ரோவோடு பில்ஸின் அறைக்கே போனார்கள். ஆட்டம் நிறுத்தப்பட்டது, பின்னர் ரத்தே செய்யப்பட்டது. மருத்துவமனை வாசலில் இரு அணி ரசிகர்களும் ஒன்றாக நின்றார்கள். நினைவு திரும்பியதும் ஹாம்லின் எழுதிக் கேட்ட கேள்வி, யார் ஜெயித்தது என்பதுதான்.

ஹாம்லினைப் பற்றி எல்லோரும் எழுதிவிட்டார்கள். எனக்கு ஹிக்கின்ஸைப் பற்றிச் சொல்ல வேண்டும். விதிக்கு உட்பட்டு, பந்தை வைத்துக்கொண்டு ஓடியதைத் தவிர அவர் ஒன்றும் செய்யவில்லை. ஆனாலும் அவர் தலையைத் தாழ்த்தி முட்டியதால்தான் இப்படி ஆனது என்று தொலைக்காட்சியில் ஒரு முன்னாள் வீரரே பேசினார். 23 வயதுப் பையனின் தலையில் அந்தப் பாரத்தை ஏற்ற ஆட்கள் தயாராக இருந்தார்கள். அந்த நாட்களில் அவரோடு பேசித் தைரியம் சொன்னவர்களில் ஒருவர் ஹாம்லினின் தாய். மகன் தீவிர சிகிச்சையில் இருக்கும்போது, மோதியவனோடு பேச முடிந்திருக்கிறது அந்த அம்மாவால்.

அமெரிக்காவில் எங்கள் ஊர்ப் பள்ளி மைதானத்தில் சின்னப் பசங்கள் ஆடும் ஆட்டங்களைப் பார்த்திருக்கிறேன். ஹெல்மெட் அவர்கள் தலையைவிடப் பெரிதாக இருக்கும். ஒருவன் அடிபட்டு எழாமல் கிடந்தால், யாரும் சொல்லாமலே இரண்டு அணிகளும் இருந்த இடத்தில் ஒரு முழங்காலை ஊன்றி உட்கார்ந்துவிடும். சற்றுமுன் வரை அவனை நோக்கிக் கத்திக்கொண்டிருந்தவனும் உட்காருவான். கிடந்தவன் எழுந்து நடந்தால் மொத்த மைதானமும் கைதட்டும், எதிர்ப்பக்கப் பெற்றோர்களும் சேர்ந்துதான். பயிற்சியாளர்கள் முதல் வாரத்திலேயே சொல்லிக் கொடுக்கும் பழக்கம் இது. எட்டு வயதில் வந்ததை இருபத்திரண்டு வயதில், கோடிகளில் சம்பளம் வாங்கும்போது, எதிர்பார்ப்பது பெரிய விஷயமே இல்லை.

என்எஃப்எல் என்னைக் கேட்கப் போவதில்லை; கேட்டால் இதைத்தான் சொல்வேன். சுழன்று உதைப்பதையும் முறைப்பதையும் விட்டுவிடுங்கள். மோதிய சூட்டில் வரும் முதல் கூச்சலையும் விட்டுவிடுங்கள். ஒரு வீரன் எழவில்லை என்று நடுவர் கடிகாரத்தை நிறுத்தி மருத்துவக் குழுவைக் கூப்பிட்ட நொடியிலிருந்து மட்டும் கணக்கு வையுங்கள். அந்த நொடிக்குப் பிறகு அவன் பக்கத்தில் நின்று ஆடுவதும், பெஞ்சிலிருந்து சைகை காட்டுவதும் 15 யார்டோடு போகக் கூடாது, அந்த ஆட்டத்தை விட்டே அனுப்புங்கள். தெரியாது என்று யாரும் சொல்ல முடியாத ஒரு கோடு அது. நடுவருக்கும் யாருடைய மனதையும் படிக்க வேண்டிய சங்கடம் இல்லை.

ரசிகர்களுக்கு இப்படிக் கோடு போட முடியாது. 1999 அக்டோபர் 10 அன்று பிலடெல்பியாவில் டாலஸின் மைக்கேல் இர்வின் கழுத்தில் அடிபட்டு அசையாமல் கிடந்தபோது, கூட்டத்தில் ஒரு பகுதி ஆரவாரம் செய்தது. ஸ்ட்ரெச்சர் உள்ளே வந்தபோது ஆரவாரம் கூடியது. அதுவே அவருடைய கடைசி ஆட்டம். அன்று அங்கே கத்தியவர்களுக்கு விஷயம் நன்றாகத் தெரியும். அந்தச் சத்தத்துக்கு 15 யார்டு தண்டம் போட யாராலும் முடியாது. பக்கத்து இருக்கையில் இருப்பவர் "ஏய், உட்காரு" என்று சொல்லலாம். நான் அரங்கத்தில் இருந்தால் சொல்வேன்.